ஒரு கதவு பழுதானால் முழுக் கால்வாயும் வீண்

"பக்கத்துக் கடைக்காரர் எனது போட்டியாளர். அவரோடு நான் எதற்காகச் சேர வேண்டும்?" கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் எவரும் ஒரு தடவையாவது தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இது. இவ்வாரப் பாடம் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். விடையைத் தேடி இங்கிலாந்தின் கால்வாய்க் கரை வரை போகவிருக்கிறோம். அதற்கு முன் எனது சொந்த நட்டமொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2010 நவம்பர் மாத மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நான் ஒரு துணிக்கடை நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் கடைத்தெருவின் பின்புறமாக ஒரு வடிகான் ஓடுகிறது. எனது கடைக்குப் பின்னால் உள்ள இருபது அடியை வருடத்தில் இரண்டு தடவை கூலி கொடுத்துச் சுத்தம் செய்து வைப்பேன். ஆனால் ஆறு கடை தள்ளி, மதகுக்கு அருகில், கான் அடைபட்டுக் கிடந்தது. அந்தக் கடைக்காரர் வேறொரு சங்கத்தைச் சேர்ந்தவர். எங்கள் தெருவில் அக்காலத்தில் இரண்டு வர்த்தகர் சங்கங்கள் இருந்தன. ஒரு சங்கத்தார் மற்றச் சங்கத்தாரோடு பேசிக்கொள்வதில்லை. நானும் பேசவில்லை.

ஒரே இரவில் தண்ணீர் மேலேறியது. காலையில் கதவைத் திறந்தபோது கடைக்குள் இரண்டு அடி தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த துணிக்கட்டுகள் அத்தனையும் நாசம். நான் பராமரித்த இருபது அடி அன்றும் சுத்தமாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை.

அந்த நட்டத்தின் காரணம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது எட்டு வருடங்களுக்குப் பிறகு, 2018 கோடை காலத்தில், இங்கிலாந்தில்.

கால்வாய்க் கரையில் கண்டது

எனது மருமகன் மன்செஸ்டர் நகருக்குத் தெற்கே குடியிருக்கிறார். அவரது வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, காலையில் மக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயின் கரையோரமாக நடப்பது எனது வழக்கமாயிற்று. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே 1804 இல் ஆங்கிலேயர் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாயைப் பார்த்தவர்கள் இதையும் ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் இங்கே நிலம் மேடும் பள்ளமுமானது. ஆகவே படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் 'லொக்' எனப்படும் அமைப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு கல் தொட்டி என்று அதைச் சொல்லலாம். படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை விட்டால் படகு உயரும். தண்ணீரை வெளியேற்றினால் தாழும். ஏழு அடிக்குக் குறைவான அகலமும், எழுபது அடி வரையான நீளமும் கொண்ட 'நரோபோட்' எனும் ஒடுங்கிய படகுகள் இவற்றினூடாகச் செல்கின்றன. மணிக்கு நான்கு மைல்தான் வேக எல்லை.

வழியில் ஒரு படகுக் கழகம் இருந்தது. வயதான ஒருவர் கரையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கூலிக்கு வேலை செய்பவர் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவர் சொந்தப் படகு வைத்திருக்கும் கழக அங்கத்தவர்! அன்று அவருடைய முறை. எங்கள் ஊர்ச் சிரமதானம் போல, அங்கத்தவர்கள் முறை வைத்து வேலை செய்கிறார்கள். படகு கட்டும் துறை, சிறிய மண்டபம், படகைக் கரையேற்றும் சாய்தளம் எல்லாம் அவர்களுடைய கையால் கட்டப்பட்டவை. டீசலை மொத்தமாக வாங்கித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் இயந்திரம் பழுதான ஒரு படகை வேறொரு படகு இழுத்து வந்தது. கழகத்தார் மூன்று பேர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். ஒருவர் கருவிப் பெட்டியுடன் படகுக்குள் இறங்கினார். பணம் பற்றி யாரும் பேசவில்லை.

"உங்கள் அங்கத்தவரா?" என்று கேட்டேன்.

"இல்லை. அவர்களுடையது வேறு கழகம், வேறு ஊர். ஆனால் கூட்டமைப்பில் இருக்கும் கழகம்" என்றார் அவர். "நாளை எனது படகு அவர்களுடைய ஊரில் நிற்கலாம் அல்லவா?"

வியாபாரத்தில் நான் முப்பது வருடம் கழித்துப் படித்த பாடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

கைவிடப்பட்ட கால்வாய்கள்

இந்தக் கூட்டமைப்பு ஏன் தோன்றியது என்பதை அறிய, கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

1761 இல் பிரிட்ஜ்வோட்டர் கால்வாய் திறக்கப்பட்டு, சுரங்க நிலக்கரி மன்செஸ்டருக்கு மலிவாக வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த முதலீட்டாளர்கள் நாடு முழுவதும் கால்வாய் வெட்டினார்கள். பின்னர் ரயில் வந்தது; அதன்பின் லொறி வந்தது. பல கால்வாய்கள் ரயில் கம்பனிகளின் கைக்கே போயின. தன்னோடு போட்டியிடும் பாதையைப் பராமரிக்க எந்தக் கம்பனிதான் விரும்பும்? கால்வாய்கள் சேறும் குப்பையுமாயின. 1948 இல் பெரும்பாலானவை அரசுடைமையாகின. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் பல வாரங்கள் உறைந்து கிடந்ததோடு, ஒடுங்கிய படகுகளில் சரக்கு ஏற்றும் தொழில் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

எஞ்சியவர்கள் உல்லாசத்துக்காகப் படகு வைத்திருந்த சில ஆயிரம் பேர். அவர்கள் ஊர் ஊராகச் சிறு கழகங்களை அமைத்தார்கள். இதே மக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயில், யுத்தத்தின் நடுவே 1943 இல் தொடங்கப்பட்ட வட செஷயர் படகுக் கழகம் இவ்வகைக் கழகங்களில் மிகப் பழையதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 1946 இல் ரொபர்ட் எயிக்மன், டொம் ரோல்ட் முதலானோர் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தை நிறுவினார்கள்.

அச்சங்கத்தின் ஆரம்ப கால வேலையொன்று இன்றும் படிப்பினையானது. பேர்மிங்ஹாம் அருகே லிஃபோர்ட் எனும் இடத்தில், திறந்து மூடும் பாலத்தை ரயில் கம்பனி எடுத்துவிட்டுத் தாழ்வான நிலையான பாலம் ஒன்றைப் போட்டிருந்தது. ஆனால் படகு செல்லும் உரிமை சட்டப்படி இரத்தாகவில்லை. "நான் படகில் வருகிறேன், வழி விடுங்கள்" என்று 1947 இல் ரோல்ட் அறிவித்தார். கம்பனி வேறு வழியின்றிப் பாலத்தை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. உரிமை கடதாசியில் இருந்தால் போதாது. அதைப் பயன்படுத்திக் காட்ட ஆள் வேண்டும் என்பதை அந்தப் பயணம் நிரூபித்தது.

ஒரு வளையம், ஒரு அடைப்பு

இனி எனது வடிகானுக்கு மிக நெருக்கமான கதைக்கு வருவோம்.

மன்செஸ்டரைச் சுற்றி ஆறு கால்வாய்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. செஷயர் வளையம் என்பது அதன் பெயர். நீளம் 97 மைல். அதில் 92 லொக்குகள். ஒரு குடும்பம் ஒரு வார விடுமுறையில் சுற்றி முடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். படகு வாடகைக்கு விடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பாதை வேறென்ன வேண்டும்?

ஆனால் 1960 களின் தொடக்கத்தில் இந்த வளையத்தில் ஒரு துண்டு செத்துவிட்டது. மன்செஸ்டரின் கிழக்கில் உள்ள அஷ்டன் கால்வாயும், அதோடு சேரும் பீக் ஃபொரஸ்ட் கால்வாயின் கீழ்ப்பகுதியும் படகு செல்ல முடியாதவாறு பழுதடைந்தன. பழைய சைக்கிள், கட்டில், மெத்தை எல்லாம் அஷ்டன் கால்வாய்க்குள் கிடந்தன. கால்வாயை மூடிவிடுவதே நல்லது என்று பலர் பேசினார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பழுதானது வளையத்தின் சிறு பகுதி. ஆனால் வளையம் அறுந்ததும், நல்ல நிலையில் இருந்த மக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயும் ஒரு முட்டுச்சந்தாக மாறிவிட்டது. போனவர் அதே வழியால் திரும்பி வரவேண்டும். அக்கரையில் ஒரு கழகம் தனது துறையை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் அதன் பெறுமதி பாதிதான். எனது சுத்தமான இருபது அடி போல!

1965 இல் பல கழகங்கள் ஒன்று சேர்ந்து நீர்வழிப் பயணக் கழகங்களின் சங்கத்தை அமைத்தன. சுருக்கமாக ஏ.டபிள்யூ.சி.சி. என்பார்கள். 1968 இல் வந்த போக்குவரத்துச் சட்டம் கால்வாய்களை மூன்று வகையாகப் பிரித்தது: சரக்குக்கு உரியவை, உல்லாசப் பயணத்துக்கு உரியவை, 'எஞ்சியவை'. மூன்றாம் வகைக்குப் பராமரிப்புப் பணம் கிடைப்பது அரிது. அஷ்டன் கால்வாய் அந்த மூன்றாம் வகையில் விழுந்தது.

அதே வருடம் செப்டெம்பரில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் 600 க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அஷ்டன் கால்வாய்க்கு வந்து இறங்கினார்கள். ஒரு வார இறுதியில் சுமார் 2,000 தொன் குப்பையை அள்ளிக் கரையேற்றினார்கள். 1970 இல் கிரஹாம் பாமர் என்பவர் நீர்வழி மீட்புக் குழுவைத் தொடங்கி, இத்தகைய தொண்டர் படைகளை ஒழுங்குபடுத்தினார். 1972 இல் மீண்டும் சுமார் ஆயிரம் பேர் அஷ்டனில் கூடினார்கள். மக்களின் கை முதலில் இறங்கியது. உள்ளூராட்சி மன்றங்களின் பணமும் அரச நிறுவனத்தின் இயந்திரமும் பின்னால் வந்தன. 1974 இல் இரு கால்வாய்களும் திறக்கப்பட்டன. வளையம் மீண்டும் பூர்த்தியானது.

வந்து உழைத்தவர்களில் பலருக்கு அஷ்டன் சொந்த ஊர் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமைப்பு எப்படி இயங்குகிறது?

கரையில் சந்தித்த அந்த முதியவரிடம் நான் யாப்பைப் பற்றியும் சந்தாவைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டேன். வியாபாரியின் புத்தி வேறெங்கே போகும்! அவர் விளக்கியதை நான்கு பாடங்களாகத் தொகுத்துத் தருகிறேன்.

1. கழகம் கழகமாகவே இருக்கும். கூட்டமைப்பில் சேர்ந்தால் எந்தக் கழகமும் தனது பெயரையோ, காணியையோ, வங்கிக் கணக்கையோ விட்டுக்கொடுப்பதில்லை. யாரை அங்கத்தவராகச் சேர்ப்பது, எவ்வளவு சந்தா அறவிடுவது என்பதெல்லாம் அந்தந்தக் கழகத்தின் தீர்மானம். நம்மில் பலர் கூட்டு முயற்சி என்றதும் 'என் கடை போய்விடும்' என்று பயப்படுகிறோம். கடையைக் கலக்கத் தேவையில்லை. பொதுவான விடயத்தை மட்டும் பொதுவாக்கினால் போதும்.

2. உதவி திரும்பி வரும் வகையில் அமைந்திருக்கிறது. ஒரு கழகத்தின் படகு மற்றக் கழகத்தின் துறைக்கு வந்தால், இடமிருக்கும் பட்சத்தில் ஓரிரு இரவு இலவசமாகக் கட்டி நிற்கலாம். நடுவழியில் பழுதானால் அருகிலுள்ள கழகத்தைக் கூப்பிடலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு. எப்படியும் வெறுமனே கிடக்கும் ஒரு துறைதானே! ஆனால் பெறுபவருக்கு அதன் பெறுமதி பெரிது. கொடுப்பவருக்குச் சிறிதாகவும் பெறுபவருக்குப் பெரிதாகவும் இருக்கும் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே நல்ல கூட்டு முயற்சியின் முதல் வேலை. வெறுமனே நிற்கும் லொறி, காலியான களஞ்சியம், அவசரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் என்று நமது தெருக்களிலும் இப்படிப் பல இருக்கின்றன.

3. பேச்சு ஒரே குரலில். தனியொரு கழகம் கடிதம் எழுதினால் அதிகாரிகள் பதில் எழுதுவார்கள், அவ்வளவுதான். பிராந்தியம் பிராந்தியமாகக் கூடி, முறைப்பாடுகளை ஒன்று திரட்டி, "இந்த மாதம் இந்த இந்த லொக்குகள் பழுது" என்று ஒரு சங்கம் முன்வைத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். கழகங்கள் கால்வாயில் தினமும் ஓடுவதால், எந்தக் கதவு ஒழுகுகிறது என்பது அதிகாரியை விட அவர்களுக்கே முதலில் தெரியும். தகவல் கையில் இருப்பவனே பேச்சுவார்த்தையில் பலசாலி.

4. எதற்காகச் சேர்ந்தோம் என்பது ஒரு வரியில் சொல்லக்கூடியது. 'கால்வாய் திறந்திருக்க வேண்டும்.' அவ்வளவே. படகின் நிறம், கழகத்தின் அந்தஸ்து, யாருடைய மண்டபம் பெரிது என்பவை கூட்டமைப்பின் விடயங்கள் அல்ல.

சண்டையே வராதா?

வரும். இதை மறைத்தால் பாடம் பொய்யாகிவிடும். உள்நாட்டு நீர்வழிகள் சங்கத்தின் தலைவர்களே 1951 இல் பிரிந்தார்கள். ஒரு கால்வாயைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எயிக்மனின் நிலைப்பாடு. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, முக்கியமானவற்றையும் படகுத் தொழிலாளரின் வாழ்வையும் முதலில் பார்ப்போம் என்பது ரோல்ட்டின் எண்ணம். ரோல்ட் வெளியேற நேர்ந்தது. சங்கத்தை உருவாக்கிய இருவரும் பேசாமல் போனார்கள். ஆயினும் சங்கம் வாழ்ந்தது. காரணம், அது இரண்டு மனிதர்களின் சொத்தாக இருக்கவில்லை.

அண்மைக் காலத்திலும் உரசல் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கால்வாய் மற்றும் ஆறுகள் அறக்கட்டளை நிர்வகித்து வருகிறது. நிரந்தரத் துறை இல்லாமல் எப்போதும் பயணத்திலேயே இருக்கும் படகுகளிடம் 2024 ஏப்ரல் முதல் மேலதிக அனுமதிக் கட்டணம் அறவிட அது தீர்மானித்தது. துறை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையில் கசப்பு வளர இது போதும். கட்டணத்தை எல்லோருக்கும் ஒரே அளவாக உயர்த்தாமல் பிரித்து உயர்த்தும்போது, கட்டணம் செலுத்துவோர் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். எந்தச் சங்கமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

இதைவிடப் பெரிய சோதனை 2023 ஜூலையில் வந்தது. 2027 முதல் பத்து வருடங்களுக்கு அறக்கட்டளைக்கு 401 மில்லியன் பவுண் வழங்குவதாக பிரித்தானிய அரசாங்கம் அறிவித்தது. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் 50 மில்லியன். அதன்பின் வருடா வருடம் 5 சதவீதம் குறையும். பத்தாவது வருடத்தில் 31.5 மில்லியன்தான் மிஞ்சும். அதற்கிடையில் கூலியும் சீமெந்தும் விலையேறாமல் இருக்குமா? பழைய கதவுகளும் அணைகளும் காத்திருக்குமா? 2019 இல் வெய்லி பிரிட்ஜ் நகருக்கு மேலே, கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் டொட்புரூக் நீர்த்தேக்கத்தின் அணை கனமழையில் சேதமடைந்து, சுமார் 1,500 பேரை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டி வந்தது. பராமரிப்புச் செலவு என்பது வெறும் உல்லாசச் செலவு அல்ல.

கழகங்கள், சங்கங்கள், படகு வியாபாரிகள் எனப் பல தரப்பினரும் 2023 இல் 'பிரித்தானிய நீர்வழிகளுக்கு நிதி வழங்குங்கள்' என்ற பொதுப் பிரசாரத்தின் கீழ் சேர்ந்தார்கள். பேர்மிங்ஹாமில் படகு ஊர்வலம் நடத்தினார்கள். 2024 மே மாதத்தில் தேம்ஸ் நதியில், பாராளுமன்றத்துக்கு முன்னாலேயே படகுகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேறு நாளில் கட்டணத்தைப் பற்றித் தங்களுக்குள் வாதிடுவார்கள். அன்று ஒரே வரிசையில் நின்றார்கள்.

எங்கள் தெருவுக்குத் திரும்புவோம்

ஊர் திரும்பிய வாரமே நான் ஆறு கடை தள்ளிப் போனேன். என்னைவிட மூத்தவர் அவர். முதலாளி ஆசனத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நானா, கான் விஷயமா ஒரு கதை கதைக்க வந்தன்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் கதிரையை இழுத்துப் போட்டார். "எனக்கும் அண்டைக்கு மூணு அடி தண்ணி. எட்டு வருஷமா இதக் கேக்க ஒருத்தரும் வரல்லியே" என்றார்.

மதகுக்கு அருகில் இருப்பவருக்குத்தான் முதலில் வெள்ளம் வரும் என்பதை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. மதகை அடைத்தது மேலிருந்து வந்த குப்பை. அதில் எனது கடையின் பொலித்தீனும் இருந்திருக்கும்.

சங்கங்கள் இரண்டும் இன்றும் இரண்டாகவே இருக்கின்றன. அவற்றை ஒன்றாக்க நாங்கள் முயலவில்லை. கானுக்கு மட்டும் இரு தரப்பிலிருந்தும் ஐந்து பேர் கொண்ட குழு. எல்லாக் கடைக்கும் ஒரே தொகை. ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு ஞாயிறு, தெருவின் தலைப்பிலிருந்து மதகு வரை ஒரே நாளில் சுத்தம். நகர சபைக்குப் போகும் கடிதத்தில் இரண்டு சங்கங்களின் முத்திரையும் இருக்கும். முன்பு மாதக்கணக்கில் வராத பதில் இப்போது வருகிறது.

இவ்வாரப் பயிற்சி

ஒரு கடதாசியை எடுத்து மூன்று விடயங்களை எழுதுங்கள். முதலாவது, உங்கள் வியாபாரம் தங்கியிருக்கின்ற, ஆனால் உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்று: ஒரு பாதை, ஒரு கான், வாகனத் தரிப்பிடம், ஒரு சந்தை நாள். இரண்டாவது, அதே பொருளில் தங்கியிருக்கும் மற்றவர்களின் பெயர்கள். மூன்றாவது, அவர்களில் நீங்கள் பேசாமல் இருப்பவர் யார் என்பது.

பெரும்பாலும் உங்கள் அடைப்பு அந்த மூன்றாவது பெயருக்கு அருகில்தான் இருக்கும். முதலில் அங்கே போங்கள்.